பாட்டே போடாத ரேடியோ: பிபிசி ரேடியோ 4-ல ஒரு நாள் எப்படி ஓடுது

பாட்டு கிடையாது, விளம்பரம் கிடையாது, ஆர்ஜே வந்து கலகலன்னு சிரிக்கறது கிடையாது, விடியக்காலைல ஆரம்பிச்சு ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேச்சு, பேச்சு, பேச்சு மட்டும்தான். இதை யார் உக்காந்து கேப்பாங்கன்னு தோணும், ஆனா பிரிட்டன்ல பிபிசி ரேடியோ 4 1967 செப்டம்பர் 30-ல இருந்து இதைத்தான் பண்ணிட்டு இருக்கு, அதுக்கு முன்னாடி ஹோம் சர்வீஸ்ங்கற பேர்ல ஓடிட்டு இருந்தது. இன்னிக்கும் வாரத்துக்கு 90 லட்சத்தைச் சுத்தி ஆளுங்க கேக்கறாங்க.

ஒரு சாதாரண வார நாளை எடுத்துக்கோங்க. கடல் வானிலை அறிக்கை, ரெண்டு நிமிஷம் ஜெபம், விவசாய நியூஸ், அப்புறம் மூணு மணி நேரம் அரசியல், அது முடிஞ்ச கையோட மூணு பேராசிரியருங்க உக்காந்து ஏதோ ஒரு பழைய போரைப் பத்தியோ ஒளிச்சேர்க்கையைப் பத்தியோ பேசுவாங்க, பெண்கள் நிகழ்ச்சி, கன்ஸ்யூமர் புகார், மதிய செய்தி, ஒரு முழு நாடகம், சாயங்காலம் மறுபடி செய்தி, காமெடி, ஒரு கிராமத்து சீரியல், படுக்கப் போற நேரத்துல ஒரு நாவல்ல இருந்து ஒரு துண்டு, அப்புறம் பார்லிமெண்ட்ல என்ன நடந்துச்சு, மறுபடியும் கடல் வானிலை. பார்த்தா கலந்துகட்டி அடிச்ச மாதிரி இருக்கும். உண்மைல இது ரொம்ப கணக்குப் போட்டு வெச்ச வரிசை, யார் எந்த நேரத்துல எங்க இருப்பாங்க, கை என்ன வேலை பண்ணிட்டு இருக்கும், காது எவ்வளவு ஃப்ரீயா இருக்கும்னு பாத்து அடுக்கினது.

என்னோட கட்சி இதான். இந்த ஸ்டேஷனோட பலத்தை தனித்தனி நிகழ்ச்சில தேடினா கிடைக்காது (சிலது ரொம்ப சுமார்தான், அதை கடைசில சொல்றேன்). நீங்க கேக்கணும்னு நினைக்காத ஒண்ணு, நினைச்ச ஒண்ணுக்குப் பக்கத்துல வந்து உக்காந்து காதுல விழுது பாருங்க, அதுலதான் இருக்கு. அது நடக்கணும்னா மாறாத நேரம் வேணும், ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் எத்தனை பேர் கேட்டான்னு கணக்குப் பாத்து பயப்படத் தேவையில்லாத காசும் வேணும்.

நாளோட ஆரம்பமே விநோதமானது. விடியக்காலை அஞ்சு மணி தாண்டினதும் ஷிப்பிங் ஃபோர்காஸ்ட், அதாவது பிரிட்டனைச் சுத்தி இருக்கற கடலை 31 பகுதியாப் பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் காத்து எப்படி, மழையா வெயிலா, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும்னு வாசிக்கறது. நார்வே பக்கத்துல இருக்கற வைக்கிங்ல ஆரம்பிச்சு கடிகாரம் சுத்தற திசைல ஃபார்ட்டீஸ், டாகர், ஜெர்மன் பைட், டோவர், பிஸ்கே, ராக்கால், ஹெப்ரடீஸ்னு போய் தென்கிழக்கு ஐஸ்லாந்துல முடியும். மொத்தமே 350 வார்த்தைக்குள்ள அடங்கணும்ங்கறது விதி, நடுராத்திரி வாசிக்கறதுல ட்ரஃபால்கர் பகுதியும் சேர்றதால கொஞ்சம் கூட. அதனால வாசிக்கறப்ப ‘காத்து’ங்கற சொல்லே வராது, ‘பார்வைத் தூரம்’ங்கற சொல்லும் வராது, எண்ணும் திசையும் ‘குட்’, ‘புவர்’ மாதிரி ஒத்தைச் சொல்லும் மட்டும் வரும், வரிசையைத் தெரிஞ்சவங்களுக்குப் புரியும். அதுல ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கு: புயல் காத்து ‘இம்மினன்ட்’னா ஆறு மணி நேரத்துக்குள்ள, ‘சூன்’னா ஆறுல இருந்து பன்னெண்டு, ‘லேட்டர்’னா பன்னெண்டுக்கு மேல. ‘குட்’னா அஞ்சு கடல் மைலுக்கு மேல கண்ணு தெரியும், ‘வெரி புவர்’னா ஆயிரம் மீட்டர் கூடத் தெரியாது. வாசிக்கறவங்க இஷ்டத்துக்கு ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது.

இது எங்க இருந்து வந்துச்சுன்னா, 1859-ல ராயல் சார்ட்டர்ங்கற கப்பல் வேல்ஸ் பக்கம் புயல்ல மாட்டி உடைஞ்சு ஏறக்குறைய 450 பேர் செத்தாங்க. அப்ப வானிலைத் துறையை நடத்திட்டு இருந்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வினை பீகிள் கப்பல்ல கூட்டிட்டுப் போன அதே கேப்டன். அவர் 1861-ல இருந்து தந்தி மூலமா துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்ப ஆரம்பிச்சாரு, அதோட வாரிசுதான் இது. 2002-ல ஃபினிஸ்டர்ங்கற கடல் பகுதிக்கு அவர் பேரையே வெச்சாங்க, பழைய பேரை எடுத்ததுக்கு பத்திரிகைகளுக்கு வந்த புலம்பல் கடிதங்களைப் பாத்தா ஏதோ ஊரையே கடல் கொண்டு போன மாதிரி இருந்துச்சு. இத்தனைக்கும் இன்னிக்கு மாலுமிங்க ஜிபிஎஸ், சாட்டலைட்டுன்னு எல்லாம் வெச்சிருக்காங்க. கேக்கறதுல பெரும்பாலானவங்க கடலுக்கே போகாதவங்க, தூக்கம் வராம படுத்திருக்கறவங்க, சமையல்கட்டுல கெட்டிலை வெச்சுட்டு நிக்கறவங்க. யாருக்கும் தேவைப்படாத ஒரு அறிக்கையை இவ்வளவு பேர் விரும்பிக் கேக்கறாங்கன்னா, அது ஒரு தகவல் நிகழ்ச்சிங்கறதைத் தாண்டிப் போயிருச்சுன்னு அர்த்தம். முன்னல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை வரும், 2024 ஏப்ரலுக்கு அப்புறம் குறைச்சுட்டாங்க.

நம்ம கேக்கறவங்களுக்கு ஒரு உபரித் தகவல்: நடுராத்திரி 12:48-க்கு வர்ற வாசிப்பு பிரிட்டனோட கோடைக்காலத்துல இந்திய நேரம் காலை 5:18, குளிர்காலத்துல 6:18. அதனால காலைல வாக்கிங் போறப்ப லைவா கேக்கலாம். 2025 ஜூலைல வெளிநாட்டுக்காரங்களுக்கு பிபிசி சவுண்ட்ஸ் ஆப்பை மூடிட்டாங்க, ஆனா ரேடியோ 4 லைவை பிபிசியோட தளத்துலயே விட்டு வெச்சிருக்காங்க.

ஆறு மணிக்கு டுடே ஆரம்பிக்கும், ஒன்பது வரைக்கும். இதுதான் ஸ்டேஷனோட முதுகெலும்பு. 1957 அக்டோபர் 28-ல ஆரம்பிச்சப்ப இது ஒரு லேசான விஷயம், காலைல ரெண்டு இருபது நிமிஷத் துண்டு, சுவாரஸ்யமான சின்னச் சின்னப் பேச்சு, அவ்வளவுதான். எழுபதுகளுக்கு அப்புறம்தான் மெல்ல மெல்ல அரசியல்வாதிங்களை உக்கார வெச்சு கேள்வி கேக்கற இடமா மாறுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள், அந்த நேரத்துல மந்திரி, எம்பி, பத்திரிகை ஆசிரியர், அதிகாரி எல்லாருமே வீட்ல கிளம்பிட்டு இருப்பாங்க, இல்லன்னா கார்ல இருப்பாங்க, டிவி பாக்க முடியாது, காது மட்டும்தான் இருக்கு. அன்னிக்கு மத்த பத்திரிகைங்க எதைப் பத்தி எழுதணும்ங்கறதை இந்த மூணு மணி நேரம் முடிவு பண்ணிடும். அதுலயும் எட்டு மணி நியூஸ் முடிஞ்சதும் 8:10-க்கு வர்ற பேட்டிதான் அன்னிக்கோட மெயின் பேட்டி, அந்த நேரத்துக்கு ஒரு மந்திரி வரலன்னா ‘ஏன் வரல’ங்கறதே அடுத்த செய்தி.

இதோட வீச்சு என்னன்னு தெரியணும்னா 2012 நவம்பர் 10-ஐ எடுத்துக்கலாம். பிபிசியோட சொந்த டிவி நிகழ்ச்சியான நியூஸ்நைட், ஒரு மூத்த அரசியல்வாதியை ஒரு பயங்கரமான குற்றத்தோட தப்பா முடிச்சுப் போடற மாதிரி ஒரு ரிப்போர்ட் போட்டுருச்சு, பேரை அவங்க சொல்லல, ஆனா ஊரே பேசிருச்சு. அதுக்குப் பதில் சொல்ல பிபிசியோட டைரக்டர் ஜெனரல் ஜார்ஜ் என்ட்விஸ்ல் டுடேவுக்கு வந்தாரு. எதிர்ல ஜான் ஹம்ஃப்ரீஸ், 1987-ல இருந்து அந்த நாற்காலில உக்காந்தவரு. சம்பளம் குடுக்கற முதலாளி எதிர்ல இருக்காரு, இவர் விடல. ரிப்போர்ட் போறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா, தெரியாது. அது தப்புன்னு முந்தின நாள் பேப்பர்ல வந்துச்சே அதைப் பாத்தீங்களா, பாக்கல. ஏன் பாக்கலன்னு அடுத்த கேள்வி. இப்படியே ஒண்ணு ஒண்ணா. அன்னிக்கு சாயங்காலமே என்ட்விஸ்ல் ராஜினாமா, பதவில இருந்தது மொத்தம் 54 நாள். ஒரு நிறுவனம் தன்னோட ரேடியோவுலயே தன்னோட தலைவரை இப்படி வறுத்தெடுக்க விடுதுன்னா அது நேர்மையா இல்ல நிர்வாகக் கோளாறான்னு அப்ப பெரிய விவாதம் ஓடுச்சு. நான் ரெண்டும்தான்னு சொல்லுவேன். ஆனா அந்தக் கேள்விகளை வேற எந்த ஸ்டேஷனும் தன் முதலாளியைப் பாத்துக் கேட்டிருக்காது.

இதே டுடேக்கு நடுவுல, எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, சண்டையெல்லாம் நிறுத்திட்டு மூணு நிமிஷத்துக்கும் குறைவா ஒரு பாதிரியாரோ, ரப்பியோ, இமாமோ, சீக்கியரோ, இந்துவோ வந்து அன்னிக்குச் செய்தியை வெச்சு ஒரு சிந்தனை சொல்லிட்டுப் போவாங்க. தாட் ஃபார் தி டே, 1970-ல இருந்து இந்தப் பேர்ல வருது. கடவுள் நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அதுல இடம் குடுக்கணும்னு வருஷக்கணக்கா சண்டை, பிபிசி இன்னும் அசையல. எனக்கு அந்த மூணு நிமிஷம் பெரும்பாலும் சவசவன்னுதான் இருக்கும். ஆனா அமைச்சரைக் கிழிச்சுட்டு இருந்த அதே காதுக்கு திடீர்னு இது வருதே, அந்த இடத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

ஒன்பது மணிக்கு எல்லாம் மாறிடும், ஆபீஸ் போறவங்க போயாச்சு, இப்ப இருக்கறது வீட்ல இருக்கறவங்க, ரிட்டையர் ஆனவங்க, தையல் மிஷின்லயோ கார் ஷெட்லயோ வேலை பாக்கறவங்க. வியாழக்கிழமை ஒன்பது மணியை ஒரு காலத்துல ‘டெத் ஸ்லாட்’னு சொல்லுவாங்க, என்ன போட்டாலும் எடுபடாதுன்னு. மெல்வின் பிராக் திங்கக்கிழமை பேச்சு நிகழ்ச்சி நடத்திட்டு இருந்தவரு, 1998-ல லேபர் கட்சி சார்பா பிரபுக்கள் சபைக்குப் போனதால அரசியல் வாடை வரக்கூடாதுன்னு அங்க இருந்து எடுத்துட்டு இந்த ஸ்லாட்டைத் தலைல கட்டினாங்க. அவர் போட்டது இன் அவர் டைம். வாரம் ஒரு தலைப்பு, அந்தத் துறைல வேலை பாக்கற மூணு பேராசிரியருங்க, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி, ஜோக் கிடையாது, மியூசிக் கிடையாது, புத்தக விளம்பரம் கிடையாது. கருந்துளை ஒரு வாரம், அடுத்த வாரம் பகவத் கீதை, அதுக்கடுத்து ஏதோ ஒரு மறந்துபோன கவிஞர். யாராவது சுத்தி வளைச்சா பிராக் பொறுமை இல்லாம உடனே விஷயத்துக்கு வாங்கம்பாரு, அது கேக்கறதுக்கே ஒரு தனி சுகம். ஆயிரம் எபிசோடைத் தாண்டி உலகம் பூரா பாட்காஸ்டா பிச்சுக்கிட்டுப் போச்சு. 2025-ல அவர் ஓய்வு எடுத்துக்கிட்டாரு, இப்ப மிஷா கிளென்னி நடத்தறாரு. இந்த ஐடியாவை ஒரு கமர்ஷியல் ரேடியோல போய் சொல்லியிருந்தா செக்யூரிட்டியக் கூப்பிட்டிருப்பாங்க.

பத்து மணிக்கு வுமன்ஸ் அவர். 1946 அக்டோபர் 7-ல ஆரம்பிச்சது, அப்ப வேற அலைவரிசைல மதியம் ரெண்டு மணிக்கு, பெண்கள் நிகழ்ச்சியோட முதல் தொகுப்பாளர் ஆலன் ஐவிமிங்கற ஒரு ஆம்பள! வீட்டுக் குறிப்புல ஆரம்பிச்ச நிகழ்ச்சி போகப் போக குடும்ப வன்முறை, கருக்கலைப்பு, சம்பள வித்தியாசம்னு போச்சு. 1991-ல மதியத்துல இருந்து காலைக்கு மாத்தினப்ப பெரிய கொந்தளிப்பு.

இந்த நேரம் மாத்தற சமாச்சாரம்தான் ஸ்டேஷன் நடத்தறவங்களுக்குப் பெரிய தலைவலி. இப்ப இருக்கற நேர அமைப்புக்கு நிறைய காரணம் ஜேம்ஸ் பாய்ல்ங்கற கன்ட்ரோலர். 1998 ஏப்ரல்ல அவர் முழு அட்டவணையையும் கலைச்சுப் போட்டாரு. அதுக்கு முன்னாடி நிகழ்ச்சிங்க அது அது நீளத்துக்கு ஓடும், ஒண்ணு 9:05, ஒண்ணு 10:45ன்னு கன்னாபின்னான்னு இருக்கும். இவர் ஆராய்ச்சி பண்ணி, கேக்கறவங்க எப்ப ரேடியோவ அணைக்கறாங்கன்னு பாத்து, அரை மணி, முக்கால் மணின்னு சதுரமா வெட்டி, டுடேவை ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும்னு நீட்டி, வுமன்ஸ் அவரை பத்துக்குக் கொண்டு வந்தாரு. பழைய நிகழ்ச்சிங்க பல காலி. திட்டி வந்த கடிதம் கொஞ்ச நஞ்சமில்ல, கேக்கறவங்க எண்ணிக்கையும் முதல்ல இறங்குச்சு, அப்புறம் ஏறிருச்சு, ஆனா அவர் 2000-லயே கிளம்பிட்டாரு. இன்னிக்கு ஓடற நாளோட எலும்புக்கூடு பெரும்பாலும் அவர் போட்டதுதான்.

நேரத்தைப் பத்திப் பேசறப்ப பிப்ஸைச் சொல்லாம இருக்க முடியாது. மணி அடிக்கறப்ப வர்ற ஆறு ‘பிப்’ சத்தம், 1924 பிப்ரவரி 5-ல இருந்து வருது. அஞ்சு குட்டி, ஒவ்வொண்ணும் ஒரு நொடில பத்துல ஒரு பங்கு, ஆறாவது அரை நொடி, அந்த ஆறாவது ஆரம்பிக்கற கணம்தான் சரியான மணி. அறிவிப்பாளர் என்ன பேசிட்டு இருந்தாலும் அதுக்கு முன்னாடி வாயை மூடியாகணும், பேச்சு மேல பிப்ஸ் விழுந்தா அது ‘கிராஷிங் தி பிப்ஸ்’, தொழில்ல அசிங்கம். அதனால அவங்க கடிகாரத்தைப் பின்னால இருந்து எண்ணிட்டே பேசுவாங்க, இன்னும் பதினெட்டு நொடி இருக்குன்னா அடுத்த நிகழ்ச்சியப் பத்தி ரெண்டு வரி, ஏழு நொடின்னா ஒரு வரி. நடுராத்திரி வானிலைக்கு முன்னாடி ஒரு மெதுவான வால்ட்ஸ் ட்யூன் போடறதும் இதுக்குத்தான், மிச்சம் இருக்கற நேரத்தை நிரப்பவும், கப்பல்ல இருக்கறவன் ட்யூன் பண்ணிப் பிடிக்கவும். வேடிக்கை என்னன்னா டிஜிட்டல் ரேடியோலயும் ஆப்லயும் சிக்னல் சில நொடி லேட்டா வருது, அதனால ஒரு நூற்றாண்டா துல்லியத்துக்குப் பேர்போன அந்தப் பிப்ஸ் இப்ப பெரும்பாலான வீட்ல தப்பான நேரம் காட்டுது.

இவ்வளவு கண்டிப்பான இடத்துல ஒருத்தர் சிரிச்சுட்டா என்ன ஆகும்? 2008 மார்ச்ல ஷார்லட் கிரீன் டுடேக்கு நடுவுல செய்தி வாசிச்சுட்டு இருந்தாங்க. 1860-ல பதிவான, உலகத்துலயே பழைய மனிதக் குரல் பதிவுன்னு ஒண்ணைப் போட்டாங்க, கேட்டா வெறும் ரீங்காரம். பக்கத்துல இருந்த யாரோ ஒருத்தர் இது ஜாம் பாட்டில்ல மாட்டின தேனீ மாதிரி இருக்குன்னு காதுல கிசுகிசுக்க, அடுத்த செய்தி ஒரு திரைக்கதை எழுத்தாளரோட மரணச் செய்தி, பாவம் அவங்களால சிரிப்பை அடக்க முடியல, குரல் உடைஞ்சு போச்சு. யாரும் கோவிச்சுக்கல, நாடே சேந்து சிரிச்சுச்சு. தினமும் ஒரே மாதிரி கல்லு மாதிரி இருக்கற குரல் ஒரு தடவை உடைஞ்சாத்தான் அப்படி ஒரு சந்தோஷம் வரும்.

மதியத்தை வேகமாத் தாண்டிடறேன், அங்க கன்ஸ்யூமர் நிகழ்ச்சி இருக்கு, 1965-ல இருந்து வர்ற ஒரு மணி செய்தி இருக்கு, ரெண்டே கால் மணிக்கு முக்கால் மணி நேர நாடகம் இருக்கு. நாடகம்தான் செலவு. எழுத்தாளர், நடிகருங்க, சவுண்ட் ஆளுங்க, ரெண்டு நாள் ஸ்டுடியோ, ஒளிபரப்பு ஒரு தடவை. பிபிசி ரேடியோக்கள்லயே அதிகமா காசு சாப்பிடறது ரேடியோ 4-தான், காரணம் பாட்டு ஸ்டேஷனுக்கு ஒரு ஆளும் ஒரு லிஸ்ட்டும் போதும், பேச்சுக்கு ஒவ்வொரு நிமிஷமும் யாராவது எழுதணும், சரிபாக்கணும், வெட்டணும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு தி ஆர்ச்சர்ஸ். இது உலகத்துலயே அதிக காலம் ஓடற நாடகத் தொடர், 1951 ஜனவரி 1-ல நாடு முழுக்க ஆரம்பிச்சது, அதுக்கு முந்தின வருஷம் மிட்லேண்ட்ஸ்ல மட்டும் சோதனையாப் போட்டாங்க. ஆம்பிரிட்ஜ்னு ஒரு கற்பனை கிராமம், விவசாயக் குடும்பங்க. ஏன் ஆரம்பிச்சாங்கன்னா, போர் முடிஞ்சும் பிரிட்டன்ல ரேஷன் 1954 வரைக்கும் இருந்துச்சு, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. சின்ன விவசாயிங்க புது முறைகளைப் பழகணும், துண்டுப் பிரசுரம் குடுத்தா படிக்க மாட்டான், கதைக்குள்ள வெச்சா கேப்பான்னு விவசாய அமைச்சகத்தோட ஆலோசனைல எழுதினாங்க. பிரச்சார நோக்கம் 1972 வாக்குல போயிருச்சு, கதை மட்டும் நின்னுருச்சு.

இதை எப்படிப் பண்றாங்கன்னு பாத்தா சிரிப்பு வரும். பர்மிங்ஹாம் ஸ்டுடியோல பண்ணை வீட்டு இரும்பு கேட்டு திறக்கற சத்தம் எதுலன்னா, பழைய இஸ்திரி போடற பலகை, அதோட காலை விரிச்சா வர்ற கிரீச். ஆட்டுக்குட்டி பிறக்கற சீன்னா ஈரத் துண்டும் தயிரும், ஒருத்தர் கைய விட்டுப் பிசைய, பக்கத்துல நடிகர் மூச்சு வாங்கிட்டு வசனம் பேசணும். வைக்கோல்ல நடக்கணும்னா பழைய டேப்பை உருவிக் குவிச்சு வெச்சு அது மேல மிதிப்பாங்க. கேக்கறவங்களுக்கு அது பண்ணைதான், சந்தேகமே இல்ல.

அந்தத் தொடர் எவ்வளவு தூரம் போகும்னா, 1955 செப்டம்பர் 22, ஐடிவி அதாவது பிரிட்டனோட முதல் கமர்ஷியல் டிவி ஆரம்பிக்கற ராத்திரி, அன்னிக்குப் பாத்து கிரேஸ் ஆர்ச்சரை தீ விபத்துல சாகடிச்சாங்க, மறுநாள் பேப்பர்ல ஐடிவிய விட இதான் பெரிய நியூஸ். அறுபது வருஷம் கழிச்சு ஹெலன்ங்கற கதாபாத்திரத்தை புருஷன் ராப் கொஞ்சம் கொஞ்சமா ஒடுக்கற கதை வந்துச்சு. முதல்ல கை நீட்டி அடிக்கல, டிரஸ்ஸைக் குறை சொல்றது, கார் ஓட்ட விடாம பண்றது, ஃப்ரெண்ட்ஸைப் பிரிக்கறது, எல்லாம் உன் நல்லதுக்குத்தான்ங்கற குரல்ல. ரெண்டு மூணு வருஷம் தினமும் பத்துப் பன்னெண்டு நிமிஷமா. கேக்கறவங்க பாத்திரம் கழுவிட்டே பல்லைக் கடிச்சாங்க. 2015 கடைசில இந்த மாதிரி கட்டுப்படுத்தறதே குற்றம்னு இங்கிலாந்துல சட்டம் அமலுக்கு வந்துச்சு, 2016 ஏப்ரல்ல கதைல ஹெலன் ராபைக் குத்திட்டா. கேக்கறவங்கள்ல ஒருத்தர் இந்தக் கற்பனைப் பொண்ணு பேர்ல நிதி திரட்ட ஆரம்பிச்சு, உண்மையான பெண்களுக்கு உதவற ரெஃப்யூஜ் அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல சேந்துச்சு. டிவில ரெண்டு மணி நேரப் படமா எடுத்திருந்தா இது நடந்திருக்காதுன்னு நினைக்கறேன், ஒடுக்குமுறை அவ்வளவு மெதுவா வளருதுன்னு காட்டணும்னா அவ்வளவு மெதுவான ஒரு வடிவம் வேணும்.

ஆறரை மணி காமெடி ஸ்லாட்டைப் பத்தி ஒண்ணே ஒண்ணு. ரேடியோல ஜோக்கு சோதிச்சுப் பாக்கறது மலிவு, செட் வேண்டாம், கேமரா வேண்டாம், அதனால டிவிக்குப் போன நிறைய நிகழ்ச்சி முதல்ல இங்கதான் வந்துச்சு. குட்னஸ் கிரேஷியஸ் மீ, அதாவது பிரிட்டிஷ் ஏசியன் பசங்க சேந்து, இந்தியாக்காரங்க ‘இங்கிலீஷ் சாப்பாடு’ சாப்பிடப் போற மாதிரி தலைகீழாக் கிண்டல் பண்ணின நிகழ்ச்சி, 1996-ல ரேடியோ 4-ல வந்து 1998-ல டிவிக்குப் போச்சு. சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால் எல்லாம் அங்க இருந்து வளந்தவங்க. மத்தபடி ஜஸ்ட் எ மினிட், 1967-ல இருந்து வருது, ஒரு நிமிஷம் தயங்காம, சொன்னதைச் சொல்லாம, தலைப்பை விட்டு விலகாம பேசணும், அவ்வளவுதான் விளையாட்டு, நிக்கலஸ் பார்சன்ஸ் ஐம்பது வருஷத்துக்கு மேல நடத்தினாரு. எளிமையா இருக்கேன்னு வீட்ல பேசிப் பாருங்க, பதினஞ்சாவது நொடில மாட்டுவீங்க.

சரி, குறை. கேக்கறவங்க சராசரி வயசு ஐம்பதுகள்ல இருக்கு, அதுல நிறைய பேர் வசதியான நடுத்தர வர்க்கம், தெற்கு இங்கிலாந்து. ஸ்காட்லாந்துல இருந்தும் வட இங்கிலாந்துல இருந்தும் இது லண்டன்காரன் ஸ்டேஷன்னு புகார் வரும், நியாயம்தான். குரல்கள் இப்ப பரவாயில்ல, முன்னல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி இருக்கும். இந்தக் கூட்டம் எதையும் மாத்தவும் விடாது. 1991 வளைகுடாப் போரப்ப எஃப்எம் அலைவரிசைல முழு நேரச் செய்தி போட்டாங்க, அந்தப் போர்ல ஈராக் வீசின ஸ்கட் ஏவுகணையை வெச்சு கிண்டலா ஸ்கட் எஃப்எம்னு பேர். அது நல்லா இருக்கேன்னு 1992-ல பிபிசி, நீண்ட அலையை நிரந்தரமா செய்திக்குக் குடுத்துரலாம்னு திட்டம் போட்டுச்சு. நீண்ட அலைலதான் ரேடியோ 4 பிரான்ஸ் வரைக்கும், நடுக்கடல் வரைக்கும் கேக்கும். அவ்வளவுதான், போராட்டக் குழு, அடுத்த வருஷம் லண்டன் ஆபீசுக்கு ஊர்வலம். ‘என்ன வேணும்? ரேடியோ 4! எங்க வேணும்? நீண்ட அலைல! என்ன சொல்லணும்? ப்ளீஸ்!’னு கோஷம் போட்டாங்கன்னு ஒரு கதை இன்னிக்கும் சொல்லுவாங்க. பிபிசி பின்வாங்கி, 1994-ல ஃபைவ் லைவ்னு தனி ஸ்டேஷன் ஆரம்பிச்சுச்சு. 2006-ல விடியக்காலைல போடற ஒரு அஞ்சு நிமிஷ இசையை நிறுத்தினதுக்கு பார்லிமெண்ட் வரைக்கும் பிரச்சனை போச்சு.

ஆனா நிஜமான அடி கூட்டத்துக்கிட்ட இருந்து வரல, ஆப்ல இருந்து வருது. 2018-ல பிபிசி சவுண்ட்ஸ் வந்த அப்புறம் இன் அவர் டைம் பிடிக்கறவன் அதை மட்டும் எடுத்துக்கறான், விவசாய நியூஸ் அவன் காதுல விழறதே இல்ல. நிகழ்ச்சிக்கு நஷ்டமில்ல, இன்னும் அதிகமாக் கூட கேக்கறாங்க. பக்கத்துல இருந்த நிகழ்ச்சிக்குத்தான் நஷ்டம். எந்த நிகழ்ச்சியை எடுக்கலாம்னு முடிவு பண்றவங்களும் இப்ப ‘இது பாட்காஸ்டா தனியா நிக்குமா’ன்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க, அந்தக் கேள்வியக் கேட்டா ஷிப்பிங் ஃபோர்காஸ்ட்டும் தாட் ஃபார் தி டேயும் எங்க நிக்கும்?

நீண்ட அலைக்கும் நேரம் வந்துருச்சு. 198 கிலோஹெர்ட்ஸ், 1934-ல ஆரம்பிச்ச டிராய்ட்விச் டிரான்ஸ்மிட்டர்தான் அதுக்கு முக்கியமான இடம், அதோட பெரிய வால்வுகளை இப்ப யாரும் தயாரிக்கறதில்ல. 2023-ல கிரிக்கெட் வர்ணனையை அதுல இருந்து எடுத்தாங்க, 2024-ல தனி நிகழ்ச்சிகளையும் எடுத்துட்டாங்க. ஆனா உடனே அணைக்க முடியல. ஏன்னா எண்பதுகள்ல இருந்து பேச்சுக்கு அடில ஒளிச்சு ஒரு டேட்டா சிக்னலையும் அனுப்பிட்டு இருந்தாங்க, ராத்திரி மலிவு கரண்டுக்கு லட்சக்கணக்கான வீட்டு மீட்டர்களை அதுதான் மாத்திவிடும், ஹீட்டரும் வெந்நீரும் அதை நம்பி இருந்துச்சு. 2025 ஜூன் 30-ல இருந்து அந்த மீட்டர் சேவையைப் படிப்படியா மூட ஆரம்பிச்சாங்க. நாடகமும் கடல் வானிலையும் போன அதே அலைதான் ஊரோட வெந்நீரையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது.

காசு விஷயம் அதுக்கு மேல. ரேடியோவுக்குத் தனி லைசென்ஸ் 1971-லயே போயிருச்சு, இப்ப டிவி லைசென்ஸ் கட்டணத்துல இருந்துதான் ரேடியோ 4 ஓடுது, 2025 ஏப்ரல்ல அது ஒரு வீட்டுக்கு வருஷம் 174.50 பவுண்டா இருந்துச்சு. ரேடியோ மட்டும் கேக்கறவன் ஒரு பைசா கட்ட வேண்டாம். டிவியே பாக்காத வீடுங்க அதிகமாக அதிகமாக இந்தக் கணக்கு இடிக்குது. பிபிசி எந்த விதில நடக்கணும்னு சொல்ற இப்போதைய சாசனம் 2027 டிசம்பர் 31-ல முடியுது, அதுக்குள்ள சந்தாவா, விளம்பரமா, வேற வரியான்னு முடிவு பண்ணியாகணும். விளம்பரம் வந்தா டுடே தப்பிச்சுக்கும், ஆர்ச்சர்ஸ் தப்பிச்சுக்கும். வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மூணு பேராசிரியருங்களுக்கு ஸ்பான்சர் யாரு வருவாங்கன்னு தெரியல.